பைண்டரை ஒரு சைஸ் சின்னதாக வாங்காதீர்கள்

பைண்டர் என்பது திருநம்பிகள் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) மார்பைத் தட்டையாகக் காட்டப் போடும் இறுக்கமான உள்ளாடை. "முதல் பைண்டரை ஒரு சைஸ் சின்னதாக எடுத்தால்தான் மார்பு நன்றாகத் தட்டையாகும்" என்று திருநம்பிகளுக்குச் சொல்லப்படும் யோசனை தவறு. சரியான அளவிலேயே அழுத்தம் கிடைக்கும்படிதான் பைண்டரைத் தைக்கிறார்கள். அதைவிடச் சின்னது போட்டால் சதை அக்குள் பக்கம் பிதுங்கும், மூச்சு முட்டும், விலா எலும்பு வலிக்கும், நினைத்த மாதிரி தட்டையாகவும் தெரியாது. மார்புச் சுற்றளவை டேப்பால் எடுத்து (சில தயாரிப்பாளர்கள் தோள் அகலமும் கேட்பார்கள்) அவர்களுடைய அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றுவது இன்னும் மோசம், அசைய அசைய இறுகிக்கொண்டே போகும். அப்புறம், 8 மணி நேரத்துக்குள் கழற்றிவிடுங்கள், போட்டுக்கொண்டு தூங்கவே வேண்டாம். வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேரம் பார்க்காமல் கழற்றுங்கள், தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.