கடல்நீர் விளக்கும் என் பழைய வலைப்பூவும்

வைகாசி பிறந்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரே கேள்விதான் வரும். "அண்ணை, பாக்குத் தெண்டல் எண்டால் என்ன?" முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலைத் தொடக்கிவைக்கிற சடங்கு அது. கனடாவில் பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள், சரி. இந்தமுறை கேட்டவன் கோயிலுக்குப் பக்கத்து ஊரான முள்ளியவளையிலேயே இருக்கிற ஒரு தம்பி. அதுதான் கொஞ்சம் சுட்டது.

இதைப் பற்றி இங்கே முகநூலில் விலாவாரியாக எழுதியிருக்கிறேன், அன்றைக்கு ஒரே மாலையில் இருநூறு விருப்பு விழுந்தது. எந்த வருடம் என்பதுதான் நினைவில்லை. இழுத்து இழுத்துப் பெருவிரல் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கைகொடுத்தது 2012இல் எழுதிய வலைப்பூ. கூகுளில் அடித்தேன், வந்து நின்றது.

அப்போது யுத்தம் முடிந்து மீள்குடியேறிய புதிது, வீடென்றால் தறப்பாள் கொட்டில். பெரியப்பா இரண்டு பின்னேரம் இருந்து சொன்னதைக் கொப்பியில் எழுதி, நெற் கபேயில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, யூனிகோட்டுக்கு மாற்றிப் போட்டேன். பாக்குத் தெண்டலில் தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பது, காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிவது, திங்கட்கிழமை வற்றாப்பளைப் பொங்கல் வரைக்கும். முதல் மாதம் பதினொரு பேர் வாசித்தார்கள், அதில் மூன்று தடவை நான்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் வந்து, தீர்த்தம் கொண்டுவரும் பாதையைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள் என்று கீழே எழுதினார். விசாரித்தேன், அவர் சொன்னதுதான் சரி, திருத்தினேன். அதற்குப் பிறகு வாசித்த எல்லோரும் திருத்தியதைத்தான் வாசித்தார்கள். இங்கே முந்தாநாள் போட்டதைத் திருத்தினால் யார் திரும்பி வந்து பார்க்கிறார்கள்?

முகநூலோடு எனக்குச் சண்டை இல்லை. மரண அறிவித்தலுக்கும், அவசரத்துக்கு இரத்தம் கேட்பதற்கும் இதைவிட வேறென்ன இருக்கிறது? இந்தப் புலம்பலையும் இங்கேதானே எழுதுகிறேன். வலைப்பூ செத்துவிட்டது என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குப் பேச்சு. ஒருகாலத்தில் காலையில், வலைப்பூக்களைத் திரட்டித் தரும் தமிழ்மணத்தைத் திறந்தால் யார் என்ன எழுதினார்கள் என்று தெரியும். பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் கூகுள் ரீடர் இருந்தது, அதையும் 2013 ஜூலையில் மூடினார்கள். போகிற வழிகள் தூர்ந்துபோயின. கிணற்றில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது.

பிறகு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். 2018 மார்ச் கண்டிக் கலவரத்தின்போது இந்த நாட்டில் முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் சேர்த்தே முடக்கப்பட்டன, 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அதே கதை. அதற்காக வலைப்பூ சாகாவரம் பெற்றது என்று சொல்லமாட்டேன். யாகூவின் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டிஸில் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு 2009இல் என்ன நடந்தது? மொத்தமாக மூடினார்கள். அதே 2009இல் நாங்கள் கல்யாண அல்பங்களைப் பொலித்தீனில் சுற்றி பங்கருக்குள் புதைத்துவிட்டு நடந்தோம், திரும்பிப் போனபோது கறையான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அதனால் பிளாகரில் உள்ளதை வருடத்துக்கு ஒருமுறை முழுதாக இறக்கி இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைத் தங்கச்சி வீட்டில் கொடுத்துவைப்பேன். அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

தம்பிக்கு இணைப்பை அனுப்பினேன். இரவே பதில் வந்தது, அம்மனுக்குப் படைக்கும் பொருட்களைப் பற்றி: "அண்ணை, மடைப்பண்டம் பற்றி ஒரு வரிதானே கிடக்கு. அம்மம்மாவுக்கு நிறையத் தெரியும், கேட்டு அனுப்பவா?"

அனுப்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை இருந்து சேர்க்கவேண்டும்.