சிக்காபதம்

தையல்தான் என் தொழில். இருபது வருடங்களாக ஒரே பொய்யைத் தினமும் சொல்லி வந்தேன். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்." துணியை வெட்டியே இருக்க மாட்டேன். மறுநாள் வந்து நின்றால், "ஹூக் மட்டும்தான் பாக்கி" என்பேன்.

ஒரு பௌர்ணமி அன்று நண்பர் என்னை எழும்பூர் கென்னட் சந்தில் இருக்கும் பௌத்த அமைப்பான மகாபோதி சங்கத்துக்கு அழைத்துப் போனார். எல்லோரும் பாலி மொழியில் பஞ்சசீலம், அதாவது பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளைச் சொன்னார்கள், நானும் கூடவே சொன்னேன். 1898இல் அயோத்திதாசர் இலங்கைக்குப் போய் ஏற்றதும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் ஏற்றதும் இந்த ஐந்து வரிகளைத்தான் என்று நண்பர் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது.

வெளியே வந்து அர்த்தம் கேட்டேன். நான்காவது வரி, "முசாவாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி." 'பொய் சொல்லாதே' என்று இருக்கும் என நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பொய் பேசாமல் விலகியிருக்கும் பயிற்சியை (அதுதான் சிக்காபதம்) ஏற்கிறேன் என்பதுதான் பொருளாம். கட்டளை போட அங்கே யாருமே இல்லை.

பயிற்சி என்றால் எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் என்னை முதலில் காஜா எடுக்கத்தான் உட்கார வைத்தார்கள். கோணலானால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சீலமும் அப்படித்தான், இன்றைக்குத் தவறினால் நாளைக்கு மறுபடி ஏற்றுக்கொள்ளலாம். என்னைப் பௌத்தத்தின் பக்கம் இழுத்தது இதுதான். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிற புத்தர் தலையோ தியான வகுப்போ அல்ல.

அப்புறம் ராகுலன் கதையைப் படித்தேன். புத்தர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து மகனிடம் காட்டுகிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவு இவ்வளவுதான் மிஞ்சும் என்கிறார். பிறகு அதையும் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன உபதேசத்தை எல்லோரும் அடிக்கடி கேட்க வேண்டும் என்று அசோகர் ராஜஸ்தானில் கிடைத்த பைராட் கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார். பேரரசர் ஒருவர் கல்லில் பொறிக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்கிறது!

இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்றால் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் பக்கத்துக் கடையைக் காட்டுகிறேன். தீபாவளி நேரத்தில் சிலர் போய்விட்டார்கள், வருத்தம்தான். ஆனால் முன்பெல்லாம் வாடிக்கையாளர் பெயரை போனில் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், எடுக்கவே மாட்டேன். இப்போது மணி அடித்ததும் எடுத்துவிடுகிறேன்.