இட்லி மாவுக்கு வரி இல்லை, குக்கருக்கு உண்டு

2025 நவம்பர் 4 தேர்தலில் கலிபோர்னியாவில் எங்கள் சான்டா கிளாரா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மெஷர் ஏ ஜெயித்துவிட்டது. கவுண்டி ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் வேண்டும் என்று மக்களிடம் வாக்குக்கு விட்ட வரித் தீர்மானம் அது. விற்பனை வரி 0.625 சதவீதம் ஏறுகிறது, ஐந்து வருடத்துக்கு. இங்குள்ள சான்ஹோசே நகரில் 9.375 சதவீதமாக இருந்தது, 2026 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம். தேர்தல் முடிந்தும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சண்டை முடியவில்லை. "நமக்குத்தான் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே, கவுண்டி ஆஸ்பத்திரிக்கு நாம எதுக்குங்க தண்டம் அழணும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே பதில் எழுதினால் அது குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே.

முதலில், இந்த வரி ஏன் வந்தது? 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்திய அரசின் சட்டம், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் கை வைத்தது. இங்கே அதற்கு மெடிகால் என்று பெயர். இதனால் தனக்கு வர வேண்டிய பணத்தில் வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகும் என்பது கவுண்டியின் கணக்கு. புது வரியில் வருவதோ ஏறக்குறைய 33 கோடி. ஓட்டை அடைபடாது, கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் தண்டம். 101 நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ்காரர் நம் இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவதில்லை. பெரிய அடி என்றால் லெவல் 1 ட்ராமா சென்டருக்குத்தான், அதாவது மிக மோசமான காயங்களையும் பார்க்கும் உயர்மட்டச் சிகிச்சை மையத்துக்குத்தான் போவார். கவுண்டி நடத்தும் வேலி மெடிக்கல் சென்டர் அப்படி ஒன்று. தீக்காயச் சிகிச்சைப் பிரிவும் அங்கே இருக்கிறது. கிழக்கு சான்ஹோசேயில் ரீஜனல் மெடிக்கல் சென்டரின் கதையும் நினைவிருக்கும். தனியார் கையில் இருந்தபோது 2020இல் பிரசவப் பிரிவை மூடினார்கள், பிறகு ட்ராமா சேவையையும் குறைத்தார்கள். கடைசியில் 2025 ஏப்ரலில் கவுண்டியே அதை எடுத்துக்கொண்டது. ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவை மூடினால் அந்த நோயாளிகள் அடுத்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குத்தான் வருவார்கள். அங்கே வரிசையில் நம்மில் யாராவதும் உட்கார்ந்திருப்போம்.

ஆகவே பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை யாரிடம் வாங்குகிறார்கள் என்பதில்தான் கோபம்.

நம் இந்தியன் ஸ்டோர் பில்லை எடுத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, பாக்கெட் இட்லி மாவு எதற்கும் வரி கிடையாது. குக்கருக்கு உண்டு, சோப்புக்கு உண்டு, சுடச்சுட வரும் தோசைக்கும் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பாட்டு வகுப்பு, ஜிம், வக்கீல் பீஸ், வாங்கிப் போடும் பங்குகள் ஆகிய எதிலும் விற்பனை வரி இல்லை. நம் சம்பளத்தில் பெரும்பகுதி வரி தொடாத இடங்களுக்கே போகிறது. நம் ஆபீஸைப் பெருக்கும் அம்மாவுக்கு அப்படி இல்லை. பிள்ளைக்கு ஷூ, வீட்டுக்கு டிடர்ஜெண்ட், பழைய கார் என்று வாங்கும் பொருளுக்கெல்லாம் அவர் கட்டியாக வேண்டும். மெடிகால் போனால் கவுண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவதும் அவரே. அவருடைய வைத்தியத்துக்கு அவரிடமே சில்லறை வசூல்!

சரி, கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்களுக்கு வேறு வழி இருந்ததா? அதிகம் இல்லை. 1978இல் மாநில மக்கள் வாக்களித்து வந்த ப்ரொபோசிஷன் 13 என்ற சட்டத் திருத்தம் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இருபது லட்சம் டாலர் பெறும் வீட்டில் ஆதிகாலத்து மதிப்புக்கு வரி கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. உள்ளூரில் வருமான வரி போடவும் மாநிலச் சட்டம் விடாது. கையில் மிஞ்சுவது விற்பனை வரிதான்.

அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று சட்டத்தில் எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. பொது வரி என்றால் பாதிக்கு மேல் வந்தால் போதும். எனவே பொது வரியாகவே கொண்டுவந்தார்கள். பணம் பொது நிதியில் விழும். ஆஸ்பத்திரிக்கு என்பது வாக்குறுதிதான், சட்டம் அல்ல. எனக்கு உறுத்துவது இது. அடுத்த ஐந்து வருடத்தில் சாலைக்கோ சம்பள பாக்கிக்கோ இது கரைந்தால் யாரும் கோர்ட்டுக்குப் போய்ப் பிடிக்க முடியாது.

எனக்கு இங்கே வாக்கு இல்லை. எச்1பி வேலை விசா, கிரீன் கார்டு வரிசை, தெரிந்த கதை. வரி மட்டும் தவறாமல் கட்டுகிறேன். ஆனால் சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டைப் பேசும்போது அந்தக் கூட்டம் நடக்கும் வெஸ்ட் ஹெட்டிங் தெருவுக்குப் போகப்போகிறேன். இந்த 33 கோடியைத் தனிக் கணக்காகக் காட்டுங்கள் என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். வாட்ஸ்அப் நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். பார்க்கிங் இலவசமா என்று கேட்டிருக்கிறார்.