18 பென்னிக் கல்வெட்டு

(இடம்: லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அபே பேராலயத்தின் வடபுறத் தாழ்வாரம். காலம்: 1637 ஆகஸ்ட். ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சனை அடக்கம் செய்துவிட்டுப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். குழியை மூடிக்கொண்டிருக்கும் குழிவெட்டியும், மேலே பதிக்க வேண்டிய கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருக்கும் வயதான கொத்தனாரும் மட்டும் மிச்சம். இவர்கள் இருவரும் என் கற்பனை. இவர்கள் பேசிக்கொள்ளும் மனிதரோ கற்பனைக்கு வேலை வைக்காமல் வாழ்ந்துவிட்டுப் போனவர்.)

குழிவெட்டி: கொத்தனாரே, இந்தக் கோயிலில் இருபது வருடமாக மண்வெட்டி பிடிக்கிறேன். பிரபுக்களைப் புதைத்திருக்கிறேன், பிஷப்புகளைப் புதைத்திருக்கிறேன். எல்லோரும் ஒழுங்காகப் படுத்தார்கள். ஆளை நிற்க வைத்து மண் போடுவது இதுதான் முதல் தடவை. கிணறு மாதிரி ஆழமாக வெட்டியும், வாய் சிறியதுதானே என்று சொல்லிக் கூலியைக் குறைத்துவிட்டார்கள்.

கொத்தனார்: கோபித்துக்கொள்ளாதே, தம்பி. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் தமக்கு அதிகம், இரண்டுக்கு இரண்டு போதும் என்று அவரே இந்தக் கோயிலின் தலைமைக் குருவான டீனிடம் சொல்லி வைத்திருந்தாராம். மன்னரிடம் 18 அங்குலச் சதுர நிலம் கேட்டு வாங்கினார் என்று இன்னொரு கதையும் நடமாடுகிறது. எது மெய்யானாலும், கையில் காசில்லாத மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு இது.

குழிவெட்டி: 18 அங்குலத்துக்குள் அவருடைய வயிறு எப்படி அடங்கும்? முன்பெல்லாம் அவரைத் தெருவில் பார்த்திருக்கிறேன். வயிறு வந்து சேர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் அவர் வருவார்.

கொத்தனார்: அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லையே. ஒரு பாட்டில் தம் வயிற்றை மலை என்றார். இன்னொரு பாட்டில் அந்த மலையைத் தராசில் ஏற்றி, 20 ஸ்டோன், அதாவது 280 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு குறைவு என்று கணக்கும் கொடுத்துவிட்டார். வேறு யாராவது அந்த 2 பவுண்டைப் பொருட்படுத்துவார்களா? எழுதுவது எதுவானாலும் அத்தனை கறார். ஆனால் 1628-இல் பக்கவாதம் தாக்கியது. ஒன்பது வருடம் முடங்கிக் கிடந்த உடம்பில் அந்த மலை எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

குழிவெட்டி: ஒன்பது வருடம் படுத்துப் படுத்து அலுத்துப்போய்த்தான் நிற்கிறேன் என்று கேட்டாரோ என்னவோ. அது இருக்கட்டும், உங்களுக்குக் கூலி யார் கொடுத்தார்கள்?

கொத்தனார்: ஜாக் யங் என்ற கனவான் இந்த வழியாக நடந்து போனார். வெறுங்கல்லைப் பார்த்து மனம் பொறுக்காமல் என் கையில் 18 பென்னியை வைத்து, ‘ஓ, அரிய பென் ஜான்சன்’ என்று வெட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரிய நினைவுச் சின்னம் எழுப்பப் பணம் திரட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பேச்சு பணமாகும் வரைக்கும் இந்தக் கல்தான்.

குழிவெட்டி: 18 அங்குல நிலம், 18 பென்னி எழுத்து. அங்குலத்துக்கு ஒரு பென்னி வீதம் கணக்கு நேராகிவிட்டது. ஆமாம், உளியை அத்தனை பாசத்தோடு பிடிக்கிறீர்களே, அவர் உங்களுக்குச் சொந்தமா?

கொத்தனார்: தொழிலால் சொந்தம். அவர் கொத்தனார், தம்பி!

குழிவெட்டி: மன்னரிடம் சம்பளம் வாங்கிய கவிஞரா?

கொத்தனார்: அவரேதான். அவர் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே, பாதிரியாராக இருந்த அப்பா இறந்துவிட்டார். அம்மா சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கொத்தனாரை மறுமணம் செய்துகொண்டார். அதோ, அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறதே வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கூடம், அங்கேதான் கேம்டன் என்ற பெரிய அறிஞரிடம் லத்தீனும் கிரேக்கமும் படித்தார். படித்து முடித்தவுடன் வீட்டில் கரணையைக் கையில் கொடுத்தார்கள். வக்கீல்கள் கூடும் லிங்கன்ஸ் இன் சுவர் எழும்பியபோது அவர் கையில் கரணையும் பையில் புத்தகமும் வைத்திருந்தார் என்று இன்றைக்கு ஊரே மெச்சிக்கொள்கிறது. சாந்து குழைத்துக் கொடுத்த சித்தாள் என்ற முறையில் நான் சொல்கிறேன்: புத்தகத்தில் சாந்து தெறித்தால் அவரிடம் எனக்குத் திட்டு விழும், அவர் படித்துக்கொண்டே நின்று சாந்து இறுகிப்போனால் மேஸ்திரியிடமும் எனக்கே திட்டு விழும்.

குழிவெட்டி: நாடகக்காரர் ஆனதும் கரணையைத் தூக்கி எறிந்திருப்பார்.

கொத்தனார்: தொழிலைத்தான் விட்டார், சங்கத்தை விடவில்லை. ‘வால்போனி’ நாடகத்தை ஐந்தே வாரத்தில் எழுதி ஊரைச் சிரிக்க வைத்த பிறகும், 1611 வரைக்கும் கொத்தனார் சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். நாடகம் கைவிட்டாலும் சுவர் கைவிடாது என்று நினைத்திருக்கலாம்.

குழிவெட்டி: ‘வால்போனி’ என்பது சாகக் கிடப்பது போல நடித்து, சொத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் பரிசுப்பொருள் கறக்கும் பணக்காரனின் கதைதானே? அப்படி ஒருவருக்காக நான் இரண்டு தடவை குழி வெட்டி, இரண்டு தடவையும் மூடியிருக்கிறேன். மூன்றாவது தடவை அவர் நிஜமாகவே செத்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கொத்தனார்: அவர் சண்டைக்காரர் என்பதாவது உனக்குத் தெரியுமா? நெதர்லாந்துப் போரில் இரண்டு படைகளும் வேடிக்கை பார்க்க, எதிரி ஒருவனைத் தனியாகச் சந்தித்துக் கொன்று, அவனுடைய ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு வந்தாராம். வந்தாராம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதைச் சொன்னவரும் அவரே. அடுத்த சண்டைக்கு மட்டும் நீதிமன்றமே சாட்சி. 1598 செப்டம்பரில் ஹாக்ஸ்டன் வயல்வெளியில் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாளால் குத்திக் கொன்றுவிட்டார்.

குழிவெட்டி: வசனத்தை மறந்துவிட்டாரா, பாவம்?

கொத்தனார்: காரணம் யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் முந்தைய வருடம் ஒரு நாடகம் அரசாங்கத்தைக் கிண்டல் செய்தது என்பதற்காக இருவரும் ஒரே சமயத்தில் சிறைக்குப் போனவர்கள். எதிராளியின் வாள் தம்முடையதைவிடப் பத்து அங்குலம் நீளம் என்று இவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீதிமன்றமோ இவருடைய வாளின் விலை 3 ஷில்லிங், காயத்தின் ஆழம் ஆறு அங்குலம் என்று எழுதி வைத்தது. அதைவிடப் பெரிய காயம் வேறொன்று. நாடகக் கொட்டகை முதலாளி ஹென்ஸ்லோ இந்தச் சாவைப் பற்றி எழுதிய கடிதத்தில் கொன்றவரின் பெயரை எப்படிக் குறிப்பிட்டார் தெரியுமா? ‘பெஞ்சமின் ஜான்சன், கொத்தனார்.’

குழிவெட்டி: அதில் காயம் எங்கே இருக்கிறது? உங்களையும் அப்படித்தானே கூப்பிடுகிறேன்?

கொத்தனார்: அதே மாதத்தில்தான் அவருடைய நாடகம் மேடையேறி ஊரே பேசிக்கொண்டிருந்தது, தம்பி. அதில் நடித்தவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர்.

குழிவெட்டி: அப்படியானால் தூக்குமேடை என்ன ஆயிற்று? கொலை செய்தவருக்கு நான் முப்பத்தொன்பது வருடம் கழித்தல்லவா மண் போடுகிறேன்?

கொத்தனார்: லத்தீன் காப்பாற்றியது. பைபிளிலிருந்து ஒரு சங்கீத வசனத்தை லத்தீனில் படித்துக் காட்டத் தெரிந்தவரைப் பாதிரியாராகக் கருதி, முதல் தடவை தூக்கிலிடாமல் விடுவது நம் நாட்டுச் சட்டம். அதற்கே கழுத்து வசனம் என்றுதான் பெயர். இவர் படித்தார், கழுத்து தப்பியது; பொருள்களைப் பறிமுதல் செய்து, கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

குழிவெட்டி: எழுதப் படிக்கத் தெரியாத என்னைப் போன்றவன் கொன்றிருந்தால்?

கொத்தனார்: நீ இந்நேரம் உன் தொழிலுக்கு வாடிக்கையாளர் ஆகியிருப்பாய். சிறையில் இருந்தபோது கத்தோலிக்கராக மாறினார். பன்னிரண்டு வருடம் கழித்து நம் திருச்சபைக்குத் திரும்பி வந்தார். திரும்பி வந்த மனம் மெய்யானது என்று காட்டுவதற்காக, முதல் நற்கருணையில் கிண்ணத்தில் இருந்த திராட்சை ரசம் முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டார்.

குழிவெட்டி: பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு மதத்துக்குப் போயிருப்பார்களே!

கொத்தனார்: இதையெல்லாம் கேட்டு இவர் அடங்கியிருப்பார் என்று நினைக்காதே. 1605-இல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதிய நாடகத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கிண்டல் செய்தார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் மன்னர். மறுபடியும் சிறை. காதையும் மூக்கையும் அறுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. எப்படியோ விடுதலை ஆகி வந்து நண்பர்களுக்கு விருந்து வைத்தார். அந்த விருந்தின் நடுவே அவருடைய அம்மா மகனுடைய நலத்துக்காகக் குடித்துவிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். தண்டனை உறுதியாகியிருந்தால் சிறையில் மகனுடைய பானத்தில் கலப்பதற்காக வைத்திருந்த விஷம் அது. தாம் முதலில் குடித்துப் பார்த்திருப்பேன் என்றும் சொன்னார்.

குழிவெட்டி: எங்கள் அம்மா விருந்தில் அதிகபட்சம் என் மனைவியின் சமையலைத்தான் குறை சொல்லுவார்.

கொத்தனார்: வீரத்தாய்! அதே ஜேம்ஸ் மன்னர்தான் 1616-இல் இவருக்கு வருடம் 100 மார்க், அதாவது சுமார் 67 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேள். அரண்மனைக் கூத்துகளுக்குப் பாட்டும் வசனமும் இவர், காட்சி ஜோடனை இனிகோ ஜோன்ஸ். அந்த ஜோடி கால் நூற்றாண்டு ஓடி, 1631-இல் புத்தகத்தின் முகப்பில் யாருடைய பெயர் முதலில் வருவது என்ற தகராறில் உடைந்தது. அதற்கு முந்தைய வருடமே சார்லஸ் மன்னர் தொகையை 100 பவுண்டாக உயர்த்தி, வருடத்துக்கு ஒரு பீப்பாய் கேனரி மதுவும் சேர்த்துக்கொடுத்தார்.

குழிவெட்டி: கிண்ணக் கதை மன்னர் காதுக்கும் எட்டியிருக்கிறது. ஆமாம், ஷேக்ஸ்பியர் என்றீர்களே, அவரோடும் வாள் சண்டை உண்டா?

கொத்தனார்: அங்கே நாக்கு மட்டும்தான். கடற்கரையே இல்லாத பொஹீமியாவில் கப்பலை உடைய விட்டவர் என்று ஷேக்ஸ்பியரைச் சிரித்தார். தம் நண்பர் எழுதும்போது ஒரு வரியைக்கூட அடித்ததில்லை என்று நடிகர்கள் பெருமைப்பட்டபோது, ஆயிரம் வரிகளை அடித்திருக்கலாமே என்று பதில் சொன்னார். ஆனால் 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் தொகுதியாக வந்தபோது, அவர் ஒரு காலத்துக்கு உரியவர் அல்லர், எல்லாக் காலத்துக்கும் உரியவர் என்று எழுதியதும் இதே மனிதர்தான். இந்தக் கோயிலில் கிடக்கும் கவிஞர்கள் சாஸரையும் எட்மண்ட் ஸ்பென்சரையும் போமான்டையும் கொஞ்சம் நெருங்கிப் படுக்கச் சொல்லி ஷேக்ஸ்பியருக்கு இடம் பண்ண வேண்டும் என்று ஒருவர் பாடியிருந்தார். அதெல்லாம் அவருக்குத் தேவையில்லை என்று அதே பாட்டில் இவர் தள்ளிவிட்டார்.

குழிவெட்டி: நல்ல மனிதர். ஒதுங்கிப் படுங்கள் என்று பாடிவிட்டுப் போவது சுலபம். ஒதுக்கிப் படுக்க வைப்பது நான் அல்லவா?

கொத்தனார்: தம் நாடகங்களை அவர் எவ்வளவு உயர்வாக நினைத்தார் என்பதற்கு 1616-இல் வந்த அந்தப் பெரிய புத்தகமே சாட்சி. ஊரெல்லாம் நாடகத்தை ‘ப்ளே’, அதாவது விளையாட்டு என்று சொல்வதை இவர் தம் ‘வேலைகள்’ என்று பெயர் போட்டு அச்சடித்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடித்தளம் போட்டு வரிவரியாக ஏற்றி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து எழுதினால் அது வேலை இல்லாமல் வேறென்ன?

குழிவெட்டி: 20 ஸ்டோன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு நடந்தே போனார் என்கிறார்களே, அதுவும் வேலையா?

கொத்தனார்: 1618-இல் போனார். வழியில் டார்லிங்டனில் வாங்கிய செருப்பு முதல் இரண்டு நாள் காலைக் கடித்துத் தோலை உரித்துவிட்டது. ஆனாலும் அதே செருப்போடுதான் திரும்பினார். அங்கே ட்ரம்மண்ட் என்ற கவிஞர் வீட்டில் தங்கி, ஊரிலுள்ள எழுத்தாளர்கள் அத்தனை பேரையும் பற்றிக் குடித்தபடியே பேசித் தீர்த்தார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு, விருந்தாளி தம்மைத் தாமே புகழ்பவர், பிறரை இகழ்பவர் என்று முடிவாக எழுதிவிட்டார். 1623-இல் வீடு தீப்பிடித்து, நூல்களும் கைப்பிரதிகளும் சாம்பலாயின. அதற்கும் நெருப்புக் கடவுளைத் திட்டி நீளமாக ஒரு பாட்டு. ஒன்றுக்குத்தான் அவர் திட்டவில்லை. 1603 கொள்ளைநோயில் ஏழு வயது மகன் போனான். தாம் இயற்றியவற்றிலேயே சிறந்த கவிதை அந்தப் பிள்ளைதான் என்று பன்னிரண்டே வரி எழுதினார்.

(குழிவெட்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார்.)

குழிவெட்டி: பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்?

கொத்தனார்: தம் பெயரையேதான், பெஞ்சமின். பெயர் விஷயத்தில் அவருக்கு இருந்த பிடிவாதம் உனக்குத் தெரியாது. லண்டனில் கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு ஜான்சன் மீதுதான் விழும். கூட்டத்தோடு கூட்டமாக இருக்க மனமில்லாமல், தம் பெயரின் நடுவில் இருந்த ஒரு எழுத்தை இடித்துத் தள்ளிவிட்டார். காதில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. அச்சில் பார்த்தால் அவர் ஒருவர்தான் அப்படி. அந்தப் பெரிய புத்தகத்தின் முகப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

குழிவெட்டி: எனக்கு எழுத்துத் தெரியாது. எந்த எழுத்து என்று அடையாளம் சொல்லுங்கள்.

கொத்தனார்: ஹெச். இரண்டு செங்குத்துக் கால், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். ஒற்றைப் படி வைத்த ஏணி மாதிரி இருக்கும்.

குழிவெட்டி: இப்போது நீங்கள் ஊதித் தூசி தட்டினீர்களே, அந்த ஏணி மாதிரியா?

(உளிச் சத்தம் நிற்கிறது.)

கொத்தனார்: அட தெய்வமே!

குழிவெட்டி: ஜாக் யங்கைக் கூப்பிடட்டுமா?

கொத்தனார்: வேண்டாம், 18 பென்னியைத் திருப்பிக் கேட்பார்.

குழிவெட்டி: சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்துப் பூசிவிடுங்களேன். நீங்கள் கொத்தனார்தானே?

கொத்தனார்: பூசினால் பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் மட்டும் இளிக்கும். காகிதமாக இருந்தால் அடித்துவிடலாம், தம்பி. ஆயிரம் வரியை அடி என்று ஷேக்ஸ்பியருக்கே சொன்ன மனிதருடைய கல்லில் என்னால் ஒரே ஒரு எழுத்தை அடிக்க முடியவில்லையே! படுத்திருப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. இவர் நின்றுகொண்டிருக்கிறார். அந்த ஏணி சரியாக அவருடைய தலைக்கு மேலே வரும்.

குழிவெட்டி: வாளையும் கூட வைத்துப் புதைத்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. கல்லைப் பதிப்பதற்கு முன்னால் இன்னும் நாலு கூடை மண் போட்டுவிடட்டுமா, கொத்தனாரே?