பெரிய ஐ.டி. கம்பெனியில் சேரலாமா?

எங்கள் தெருத் தம்பி ஒருவன் இந்த வருடம் இன்ஜினியரிங் முடித்தான். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று சிறுசேரி சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனி. இன்னொன்று பெருங்குடியில் முப்பது பேர் மட்டும் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. "எதுலண்ணா சேரட்டும்?" என்று கேட்டான். சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) பெரிய கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் இருந்தவன் நான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

2016இல் அப்பாவுக்கு பைபாஸ். அவருக்கு அதற்கு முன்பே சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தனியாக மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு நான்கு வருடம் வரை காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். (2024இல்தான் அதை மூன்றாகக் குறைத்தார்கள்.) எங்கள் கம்பெனியின் குரூப் பாலிசியில் அந்தக் காத்திருப்பே இல்லை. அப்பாவைச் சேர்த்ததற்கு என் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தார்கள், அவ்வளவுதான். அடகு வைக்கலாம் என்று அம்மா கழற்றி வைத்திருந்த வளையல்கள் திரும்ப பீரோவுக்கே போயின. பெரிய கம்பெனியைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் எனக்கு முதலில் அந்த வளையல்கள்தான் ஞாபகம் வரும்.

மாதக் கடைசியில் சம்பளம் தவறாது. வீட்டுக்கடனுக்கு பேங்க்கில் அலைய விடமாட்டார்கள். அப்புறம், வேலையில் ஓர் ஒழுங்கு படியும். நாம் எழுதிய புரோகிராமை இன்னொருவர் பார்த்த பிறகே அது பயன்பாட்டுக்குப் போகும். நள்ளிரவில் மென்பொருளில் ஒரு மாற்றத்தை ஏற்றும்போது, கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றுவோம். அந்தப் பழக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

சரி, இழந்தது என்ன? ஓர் அமெரிக்க வாடிக்கையாளருக்காக ஏழு வருடம் ஒரே மென்பொருளைப் பராமரித்தேன். அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட மென்பொருள் அது. அந்த அலுவலகத்துக்கு வெளியே அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. பிராஜெக்ட் முடிந்தது, பெஞ்சுக்கு வந்தேன். தினமும் கார்டைத் தேய்த்து உள்ளே போய், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது 47 நாள். வேறு டீம்களின் நேர்காணலில் கேட்டவை பாதி எனக்குப் புரியவில்லை. ஏழு வருட அனுபவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு வருட வேலையை ஏழு முறை செய்ததுதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதைவிட வலித்தது ரேட்டிங், அதாவது வருடா வருடம் நம் வேலைக்குப் போடும் மதிப்பெண். பெல் கர்வ் என்பார்கள். பன்னிரண்டு பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாராவது ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டும். நான் டீம் லீடாக இருந்த வருடம், பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண்ணின் பெயரைக் கைகாட்டினார்கள். "பாதி வருஷம் இல்லையே" என்பது காரணம். சட்டம் தந்த 26 வாரம் அது. வாதாடிப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் அந்த ரேட்டிங்கைப் பதிந்தது என் கைதான். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டும் அவருக்கு அந்த வருடத்து இன்கிரிமென்ட் திரும்பி வரவில்லை.

சம்பளத்தையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது ஃப்ரெஷருக்கு ஆண்டுக்கு மூன்றேகால் லட்சம். இந்தத் தம்பியின் ஆஃபரில் மூன்றரை. இடையில் வேளச்சேரி வாடகை எங்கே போய்விட்டது! விலகலாம் என்றால் 90 நாள் நோட்டீஸ். அவ்வளவு நாள் காத்திருக்கப் பல கம்பெனிகள் தயாராக இல்லை. பெரிய இடம் என்றால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள். வீட்டுக்கடனும் பிள்ளைகள் படிப்பும் தலைமேல் இருக்கும் வயது அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவனைப் பெரிய கம்பெனியிலேயே சேரச் சொன்னேன். அவன் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், பென்ஷன் கிடையாது. அம்மாவுக்கு டயாலிசிஸ் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்கு இப்போது தேவை இன்சூரன்ஸ். ஆனால் ஒரே மென்பொருளில் மூன்றாவது வருடத்தைத் தாண்டாதே, வேலை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு நேர்காணலாவது வெளியே போய்க் கொடுத்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை சேர்கிறான். பெற்றோரை இன்சூரன்ஸில் சேர்க்கச் சில வாரம்தான் அவகாசம் தருவார்கள், விட்டால் அடுத்த வருடம்தான். முதல் நாளே அம்மாவின் ஆதாரை எடுத்துப் போகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னொரு முறை போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டும்.