பாதி படித்த கையோடு

'லாங் வே டவுன்' என்ற ஆங்கில நாவலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டான கதை, அதுவும் கவிதையில், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதி 2017-இல் வந்த அந்த நாவலைப் பாதி தாண்டியிருக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணனைச் சுட்டவன் என்று தான் நினைக்கிற ஆளைப் பழிவாங்க, இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறான் 15 வயது வில், மாடிக்கு மாடி லிஃப்ட் நிற்கிறது, ஏறுகிறவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள், லிஃப்டுக்குள் நடப்பது மொத்தமும் ஒரு நிமிடச் சொச்சம்தான்! துப்பாக்கியில் ஒரு குண்டு குறைகிறது என்று தெரியவரும் இடத்தை ஏற்காடு பஸ்ஸில் படித்தேன், அப்புறம் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்றே பார்க்கத் தோன்றவில்லை. (வழக்கமாக இருபதையும் எண்ணுகிற ஆள் நான்.)

பழிவாங்கலைச் செய்யுளில் சொல்வது நமக்கென்ன புதிதா, கண்ணகி மதுரையை எரித்ததைப் பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம்?

குறையும் உண்டு. சில பக்கங்களில் நாலைந்து சொல்தான் இருக்கிறது, கொடுத்த காசுக்கு வெள்ளைத்தாள் வாங்கின மாதிரி. செத்தவர்கள் பேச்சும் கொஞ்சம் ஒரே தாளத்தில் போகிறது. சேலத்தில் ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் இப்போதே கேட்கிறாள். சரி, கொடுக்கலாம், முடிவை நான் படித்த பிறகு.