வீடுதான் மாறினேன், துறவறம் போகவில்லை

நகரத்தை விட்டுச் சின்ன ஊருக்கு வீடு மாறிய என்னை ஒரு கூட்டத்தில் மேடையில் கிண்டல் பண்ணிய அந்த நாற்பது நொடி வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், யாராவது அனுப்பி வைப்பார்கள். எனக்கு மட்டும் பதினொரு பேர் அனுப்பினார்கள், "நீங்க செம ஃபேமஸ்" என்று. மைக் பிடித்த நண்பர் என்னைக் கைகாட்டி, "கெட்டும் பட்டணம் சேர்னு சொல்வாங்க. நம்ம ஆளு பட்டணத்துல கெட்டு, பட்டிக்காடு சேர்ந்துட்டாரு" என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், வீடியோவில் அதுவும் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சட்டென்று வாயில் வராது. நான்கு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் வரும். இன்று காலை வந்தது, எழுதுகிறேன்.

நான் வீடு மாறினேன். அவ்வளவுதான்.

நகரத்துக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாறியிருந்தால் "தண்ணி வசதி எப்படி? வெளிச்சம் வருதா?" என்று கேட்டிருப்பீர்கள். அதே ஆள் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கினால் கேள்வியே மாறிவிடுகிறது. "என்ன ஆச்சு?" அதையும் குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற மாதிரி. வேலை போயிடுச்சா? உடம்புக்கு ஏதாவது? வீட்டில் இரண்டு பேருக்கும் சரியில்லையா? ஐயா, வேலை இருக்கிறது. மாதம் இரண்டு நாள் அலுவலகம் போகிறேன், மீதி நாள் வீட்டிலிருந்து. உடம்பு இருக்கிறது. மனைவி அடுத்த அறையில்தான் இருக்கிறார், பேசச் சொல்லவா?

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு கட்சி இருக்கிறது. "கொடுத்து வச்சவன்யா நீ. நிம்மதி, அமைதி, காலையில குருவிச் சத்தம்..." முதல் கட்சி என்னைப் பாடையில் படுக்க வைக்கிறது, இரண்டாம் கட்சி காவி கட்டி மரத்தடியில் உட்கார வைக்கிறது. நடுவில் சாதாரணமாக ஒரு மனிதன் ஒரு வீட்டை வாங்கி, அதில் குடியிருந்து, குழாய் ஒழுகினால் ஆள் தேடி அலைவான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நிம்மதிக் கட்சிக்காக எங்கள் பின்னறைச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டை நாங்கள் வெயில் காலத்தில் பார்த்தோம். மூன்று முறை போனோம், மூன்றும் பட்டப்பகல். புதுசாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. விற்கப்போகிற வீட்டுக்கு எதற்காக இவ்வளவு அவசரமாக வெள்ளையடிக்கிறார்கள் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை. மழை பிடித்த இரண்டாவது வாரம் பின்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. அப்புறம் அந்த உயரத்துக்கு மேலே கோடு போட்ட மாதிரி உப்புப் பூத்தது. பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, விரல் வைத்தால் பொலபொலவென்று கொட்டியது.

கொத்தனார் வந்தார். ஒன்றும் பேசவில்லை. கரண்டிக் காம்பால் மேலிருந்து தட்டிக்கொண்டே இறங்கினார். மேலே டக் டக் என்றது. இடுப்புக்குக் கீழே வந்ததும் பொத் பொத் என்றது. "கேட்டுச்சா சார்? பூச்சு சுவத்தை விட்டு நிக்குது." பழைய சுண்ணாம்புக் கட்டடம் அது. அதன்மேல் பின்னாளில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், காற்றுப்பட்டால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே மேலே போகும். "சுவத்துக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ள வேர்க்க விட்ருக்காங்க சார்" என்றார். பூச்சை உடைத்து, பல மாதம் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டுமாம். அதுவரை அந்த அறையில் என் பதினாலு அட்டைப்பெட்டிப் புத்தகமும் வைக்கக்கூடாது. எல்லாம் இப்போது கூடத்தில், கட்டிலுக்கடியில், ஒன்று குளியலறை வாசலில்.

இதுதான் என் துறவறம். குருவி வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. கூடு கட்ட இடம் பார்ப்பது மின்விசிறிக்கு மேலே.

சரி, ஏன் மாறினாய் என்பார்கள். நகரத்தில் வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. செசாரே மார்க்கெட்டி என்கிற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒன்று எழுதினார். மனிதர்கள் நடந்த காலத்திலும் சரி, கார் வந்த பிறகும் சரி, சராசரியாக ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்களாம். வண்டி வேகமானால் மிச்சமாகும் நேரத்தில் யாரும் வீட்டில் உட்காருவதில்லை, இன்னும் தள்ளிப் போய்க் குடியேறுகிறார்கள், நகரம் அந்த அளவுக்குப் பரவுகிறது. அவர் கணக்குப்படி நான் என் பங்கையும் கட்டி, இன்னும் ஒன்றே முக்கால் பேர் பங்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பல வருஷம். வீடியோவில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தவர்கள். காரணம் கேட்டால் "டிராஃபிக்" என்றார்கள். ஊர்மாறி வந்த கெட்டுப்போனவன் நேரத்துக்கு வந்துவிட்டேன், நாற்காலிகூடப் போட்டேன்.

"உலகமே நகரத்துக்கு வருது, நீங்க எதிர்ப்பக்கம் போறீங்களே" என்று ஒருவர் மிகுந்த அக்கறையோடு எழுதியிருந்தார். தெரியும். 1950-இல் உலக மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் நகரங்களில் இருந்தார்கள், 2018-இல் 55, 2050-க்குள் 68 ஆகும் என்பது அந்த 2018-இல் ஐ.நா. சொன்ன கணிப்பு. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். அதைத் திருப்பிவிடப்போவதாக நான் எங்கே சொன்னேன்? வீட்டில் இரண்டே பேர். எங்களால் அந்த 68-இல் ஒரு புள்ளிகூட நகராது. நான் யாரையும் கூப்பிடவில்லை. "எல்லாரும் கிளம்பி வாங்க" என்று ஒரு பதிவு போட்டிருந்தால் காட்டுங்கள், அதை அழித்துவிட்டு மன்னிப்பும் கேட்கிறேன்.

புதுப் பைத்தியம் என்றும் சிலர். இதில் புதுசு ஒன்றுமில்லை. எபனேசர் ஹோவார்ட் என்று லண்டனில் ஒரு சுருக்கெழுத்தர். நாடாளுமன்றப் பேச்சுகளைக் குறிப்பெடுக்கிற உத்தியோகம். நகரம் ஒரு காந்தம், நாட்டுப்புறம் ஒரு காந்தம், இரண்டின் நல்லதையும் சேர்த்து மூன்றாவது ஒன்று செய்ய முடியாதா என்று 1898-இல் கேட்டார். 1903-இல் லெட்ச்வொர்த் என்கிற தோட்ட நகரம் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை எழுதிக்கொண்டிருந்த மனிதனுக்கு ஊரை விட்டுப் போகலாம் என்று தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது "உனக்கென்ன, வீட்டிலிருந்தே வேலை, அதான் முடிஞ்சது" என்கிறவர்களுக்கு. ஆமாம். அதனால்தான் முடிந்தது. இதை நான் மறைத்தேனா? 2020-க்கு முன்னால் கேட்டிருந்தால் என் மேலாளர் சிரித்திருப்பார், ஏறக்குறைய அந்த மைக் நண்பர் மாதிரியே. கிருமி வந்து கதவைச் சாத்தியதில் எங்களுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவருக்கும் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டியவருக்கும் அது திறக்கவில்லை. தெரியும். ஆனால் அந்த ஜன்னல் உங்களுக்கும்தானே திறந்திருந்தது? எனக்கு இதைச் சொல்பவர்கள் எல்லாம் என்னைப் போலவே மடிக்கணினியில் வேலை பார்க்கிறவர்கள். நர்ஸ் ஒருவர்கூட என்னிடம் இதைச் சொல்லவில்லை. நீங்கள் போகாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், எல்லாமே நியாயமாகவும் இருக்கலாம், நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என்னுடைய ஒரே ஒரு காரணத்தை மட்டும் எதற்கு இப்படித் தோண்டுகிறீர்கள்?

"உங்களைப் போல ஆட்கள் வந்துதான் சின்ன ஊர்களில் வீட்டு விலை ஏறுது" என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அது கொஞ்சம் சுட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் போய்க் குவிகிற ஊருக்கு அமெரிக்காவில் 2020-க்குப் பிறகு, ஜூம் என்கிற வீடியோ கூட்டச் செயலியை வைத்து, ‘ஜூம் டவுன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நகரத்துச் சம்பளத்தோடு வருகிறவன் கேட்ட விலைக்குத் தலையாட்டுவான், உள்ளூர்ப் பையன் வாடகை வீட்டிலேயே நிற்பான். நான் பேரம் பேசினேனா என்றால், பேசினேன், சரியாகப் பேசவில்லை. எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடு பூட்டிக்கிடக்கிறது என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆளில்லாத வீடு உலகம் முழுக்க இருக்கிறது. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். இத்தாலியில் சில சிற்றூர்கள் ஒரே ஒரு யூரோவுக்கு வீடு என்று அறிவித்தன. யூரோ ஒன்றுதான், ஆனால் குறிப்பிட்ட வருஷத்துக்குள் முழுக்கப் பழுதுபார்த்துத் தர வேண்டும், பிணைத்தொகையும் கட்ட வேண்டும். சுவர் பொத் பொத் என்று சொன்னால் அந்த ஒரு யூரோ எங்கே போய் நிற்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி? பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி பத்து நிமிஷம். ஓட்டிப் பார்த்தேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததற்குப் போவோம்.

அக்கம்பக்கம். நகரத்து வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். எதிர்க்கதவுக்காரர் பெயர் கடைசிவரை தெரியாது. அவர் பூட்டுத் திறக்கிற சத்தம் மட்டும் தெரியும், இரண்டு சுற்று, நடுவில் ஒரு தடங்கல். இங்கே நிலைமை தலைகீழ். நேற்று ராத்திரி எங்கள் விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். காலையில் கேட்கிறார், "தம்பி, தூக்கம் வரலையா?" முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. மனைவி ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார். இப்போதும் முழுசாகப் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் நகரத்தில். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கும் புரியவில்லை. "எங்க பசங்க போன வழியில நீங்க எதுக்குத் திரும்பி வர்றீங்க?" என்று கேட்டார். நான் திரும்பி வரவில்லை, இது என் சொந்த ஊரே இல்லை என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அவர் கேட்டதும் கேள்விதான், ஆனால் அதில் கைதட்டல் இல்லை.

அந்தக் கைதட்டல்தான். பழமொழியைப் புரட்டிப் போட்டது போகட்டும். மைக் பிடித்தவர் யாரோ ஒரு ஆளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆறு வருஷமும் எங்கள் வீட்டு மாற்றுச்சாவி அவனிடம்தான் இருந்தது, அவன் வீட்டுச் சாவி எங்களிடம். கிளம்பும் வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வைடா அங்க" என்று கண்ணாலேயே மேஜையைக் காட்டினான், போனில் பேசிக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு வந்தேன். எங்களுடையதை அவன் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பூட்டை மாற்றித்தான் வீட்டைக் காலி செய்து கொடுத்தோம்.

எட்டு மாதம் ஆகிறது. "அடுத்த வாரம் வர்றேன்டா" என்று நான்கு தடவை சொல்லியிருக்கிறான். மூன்று மணி நேரம். ஒரு தடவை கட்டிலைக்கூட நகர்த்திப் போட்டு வைத்தோம். பட்டிக்காடு எப்படி இருக்கிறது என்று வந்து பார்த்துவிட்டு மேடையில் கிண்டல் பண்ணியிருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன். அந்தச் சுவரைப் பற்றி அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தால் இதைவிட நல்ல ஜோக் கிடைத்திருக்கும் அவனுக்கு.

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். கொத்தனார் வந்து நிற்கிறார், இன்றைக்குப் பின்னறைப் பூச்சை உடைக்கிறோம், கூடத்தில் இருக்கிற பெட்டிகள் மேல் துணி போட வேண்டும். பின்னூட்டம் போடுகிறவர்கள் போடுங்கள். சாயங்காலம்தான் பார்ப்பேன்.